பேஸ்மேக்கர் வைத்தால் அப்பாவுக்குச் சரியாகுமா? ஸ்கேன் முன்கூட்டியே சொல்லுமா?

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் 30 வருடம் சூளை வேலை பார்த்த ஓர் அப்பா என்று வைத்துக்கொள்வோம். வயது 61. மகனுக்குச் சென்னையில் ஐ.டி. வேலை. சில மாதங்களாக அப்பாவுக்குக் கடைத்தெரு வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. சாயங்காலமானால் கால் வீங்குகிறது. ராத்திரி இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது. மாத்திரைகள் மாற்றியும் பெரிய முன்னேற்றம் இல்லை. "சாதாரண பேஸ்மேக்கர் போதாது, மூணு ஒயர் இருக்கிறது வைக்கணும்" என்கிறார் டாக்டர். செலவு லட்சங்களில்.

வாட்ஸ்அப்பில் வந்த ரிப்போர்ட்டை மகன் ஜூம் செய்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனில் அப்பா கேட்கிறார்: "ஏம்பா, இத வெச்சா சரியாயிடுமா?"

இது ஒரு கற்பனைக் குடும்பம்தான். ஆனால், கேள்வி நிஜம். இந்தச் சிகிச்சை பலருடைய ஆயுளை நீட்டித்திருக்கிறது. அதேசமயம், கருவி வைத்துக்கொள்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த பலன் கிடைப்பதில்லை. அந்த ஒருவர் யார் என்பதை, கத்தி வைப்பதற்கு முன்பே படம் பிடித்துச் சொல்லிவிட முடியுமா? இதய மருத்துவர்கள் 20 வருடங்களுக்கு மேலாக இதற்கு விடை தேடுகிறார்கள். அதில் ஒரு முக்கியமான முயற்சி நம் மதுரையில் நடந்தது.

முதலில், பிரச்னை என்ன?

மாசி மகத்துக்கு விருத்தகிரீஸ்வரர் கோயில் தேரை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடித்த எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் தேர் நகரும். ஒரு வடத்துக்காரர்கள் இழுத்து முடித்த பிறகு இன்னொரு வடத்துக்காரர்கள் இழுக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? எல்லோரும் உழைக்கிறார்கள், வியர்க்கிறது. தேர் மட்டும் ஆடிக்கொண்டு அதே இடத்தில் நிற்கும்.

பலவீனமான சில இதயங்களில் நடப்பது இதுதான். உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுவது இடது கீழறை. அதன் சுவர்களுக்கு "இப்போ சுருங்கு" என்ற மின் உத்தரவு ஒரு மின்கடத்தும் கற்றை வழியாகப் போகிறது. அந்தக் கற்றை வலது, இடது என இரண்டு கிளைகளாகப் பிரியும். இடது கிளை அடைபட்டால், அதாவது ரிப்போர்ட்டில் 'லெஃப்ட் பண்டில் பிராஞ்ச் பிளாக்' என்று எழுதியிருந்தால், உத்தரவு முதலில் வலது பக்கம் போய், அங்கிருந்து தசைக்குத் தசை ஊர்ந்து இடது பக்கம் வந்து சேர வேண்டும். நடுச்சுவர் சுருங்கி முடிக்கும் நேரத்தில்தான் வெளிப்பக்கச் சுவர் சுருங்கவே ஆரம்பிக்கும்.

இதைச் சரிசெய்வதுதான் சி.ஆர்.டி. எனப்படும் இதய மறு ஒத்திசைவு சிகிச்சை. சாதாரண பேஸ்மேக்கரில் ஒன்றோ இரண்டோ ஒயர்தான் இருக்கும். இதில் மூன்று. ஒன்று வலது மேலறைக்கு, ஒன்று வலது கீழறைக்கு. மூன்றாவது, இதயத்தின் சிரை ஒன்றின் வழியாகச் சுற்றிப்போய் இடது கீழறையின் வெளிப்புறத்தில் உட்காரும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உத்தரவு கொடுத்தால் இரண்டு வடமும் சேர்ந்து இழுபடும். யோசனை அவ்வளவுதான்.

யோசனை பலித்தது. 2005-ல் வெளியான 'கேர்-ஹெச்.எஃப்.' ஆய்வில் 813 நோயாளிகள் இருந்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 30 சதவீதம் பேர் ஆய்வுக் காலத்தில் இறந்தார்கள். மருந்தோடு சி.ஆர்.டி.யும் பெற்றவர்களில் அது 20 சதவீதம். இதயச் செயலிழப்பில் இது பெரிய வித்தியாசம்.

யாருக்கு வைக்கிறார்கள்?

இதை முடிவு செய்வது இன்றைக்கும் முதன்மையாக இரண்டு எண்கள்.

ஒன்று, எக்கோ ரிப்போர்ட்டில் 'இ.எஃப்.' என்று இருக்கும் எண். இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்பதை அது சொல்கிறது. நல்ல இதயத்தில் அது 55-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். சி.ஆர்.டி.க்குப் பொதுவாக 35 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். அதுவும், சரியான மருந்துகளைச் சரியான அளவில் குறைந்தது மூன்று மாதம் எடுத்துப் பார்த்த பிறகும் அப்படியே இருந்தால்.

இன்னொன்று, இ.சி.ஜி. தாளில் 'க்யூ.ஆர்.எஸ்.' என்ற கூரான அலையின் அகலம். கீழறைகள் முழுவதும் மின் உத்தரவு பரவ எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை இது காட்டும். வழக்கமான வேகத்தில் ஓடும் இ.சி.ஜி. தாளில் ஒரு சின்னக் கட்டம் என்பது 40 மில்லி விநாடி. மூன்று சின்னக் கட்டத்துக்குள் இந்த அலை அடங்கினால் பிரச்னை இல்லை. கிட்டத்தட்ட நான்கு கட்டத்துக்கு, அதாவது 150 மில்லி விநாடிக்கு, அகன்றிருந்து, அடைப்பும் இடது கிளையில் இருந்தால் சி.ஆர்.டி. பலன் தரும் வாய்ப்பு அதிகம். 130-க்கும் 150-க்கும் நடுவில் இருந்தால் யோசித்து முடிவெடுப்பார்கள். 130-க்குக் கீழ் என்றால் ஐரோப்பிய வழிகாட்டுதல் இதைப் பரிந்துரைப்பதில்லை.

அப்புறமும் மூன்றில் ஒருவருக்கு ஏன் பலிப்பதில்லை?

பல காரணங்கள். மூன்றாவது ஒயரை நினைத்த இடத்தில் வைக்க முடியாது. சிரை எங்கே போகிறதோ அங்கேதான் ஒயரும் போகும். தாறுமாறான துடிப்பு இருந்தால் கருவியின் உத்தரவு பல துடிப்புகளில் வீணாகும். முக்கியமாக, ஒயர் உட்கார்ந்த இடத்தில் தசை உயிரோடு இருக்க வேண்டும். பழைய மாரடைப்பில் அந்த இடம் தழும்பாகிப் போயிருந்தால், அங்கே எத்தனை முறை உத்தரவு கொடுத்தாலும் பதில் வராது. ஆளே பிடிக்காத வடத்தைப் பார்த்து "இழு, இழு" என்று கத்துவது போலத்தான்.

'பலன்' என்ற வார்த்தையிலும் சிக்கல் இருக்கிறது. சிலர் இதயத்தின் அளவு சுருங்கியதா என்று பார்க்கிறார்கள். பெரும்பாலும், சுருங்கி முடித்த நிலையில் கீழறையின் கொள்ளளவு 15 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். சிலர் நோயாளி எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்கிறார்கள். சிலர் உயிரோடு இருக்கிறாரா என்பதை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். ஒரே நோயாளி ஒரு கணக்கில் பாஸ், இன்னொரு கணக்கில் ஃபெயில் ஆகலாம். வருடா வருடம் மோசமாகிக்கொண்டே போகும் நோயில், அதே நிலையில் நிற்பதுகூடச் சிலருக்குப் பலன்தான்.

எக்கோ சொல்லிவிடும் என்று நம்பினார்கள்

எக்கோ கருவியின் நுனியில் இருப்பதும் ஒரு செராமிக்தான் என்பது செராமிக் ஊர்க்காரர்கள் பலருக்கே ஆச்சரியமாக இருக்கலாம். விருத்தாசலத்தில் செய்யும் அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர் வகை அல்ல. மின்சாரம் கொடுத்தால் அதிரும், அதிர்வு பட்டால் மின்சாரம் தரும் 'பீசோ எலக்ட்ரிக்' செராமிக். அது அனுப்பும் ஒலி இதயத்தில் பட்டுத் திரும்பும்போது, சுவர்கள் அசைவதை நேரடியாகப் பார்க்கலாம்.

சுவர் அசைவதையே பார்க்க முடிகிறது என்றால், எந்தச் சுவர் எவ்வளவு தாமதம் என்று அளந்து, சி.ஆர்.டி. யாருக்குப் பலிக்கும் என்று சொல்லிவிடலாமே? 2000-களின் தொடக்கத்தில் இந்த நம்பிக்கை உச்சத்தில் இருந்தது. ஆளுக்கொரு அளவுகோலைக் கொண்டுவந்தார்கள்.

இதைச் சோதிக்க நடந்ததுதான் 2008-ல் வெளியான 'ப்ராஸ்பெக்ட்' ஆய்வு. 53 மருத்துவ மையங்கள், 498 நோயாளிகள், 12 எக்கோ அளவுகோல்கள். முடிவு: நோயாளியைத் தேர்ந்தெடுக்க நம்பிப் பயன்படுத்தும் அளவுக்கு எந்த ஒரு அளவுகோலும் தேறவில்லை. ஒரே படத்தை இரண்டு ஆய்வகங்கள் அளந்தாலே வேறு வேறு எண் வந்தது. சில மில்லி விநாடி வித்தியாசத்தில் ஒருவரின் சிகிச்சையை முடிவு செய்யும்போது, அளக்கும் கை மாறினால் விடையும் மாறினால் எப்படி?

அடுத்து நடந்தது இன்னும் கடுமையான பாடம். 'எக்கோ-சி.ஆர்.டி.' என்ற ஆய்வில் 809 பேர் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய இ.சி.ஜி. அலை அகலம் 130-க்குக் கீழ். ஆனால், எக்கோவில் சுவர்கள் தாளம் தப்பித் தெரிந்தன. எல்லோருக்கும் கருவி வைத்துவிட்டு, பாதிப் பேருக்கு மட்டும் சி.ஆர்.டி.யை ஆன் செய்தார்கள். பலன் தெரிய வாய்ப்பில்லை என்று 2013-ல் ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. சி.ஆர்.டி. ஆன் செய்யப்பட்டவர்களில் 45 பேர் இறந்திருந்தார்கள். ஆஃப் நிலையில் இருந்தவர்களில் 26 பேர்.

படத்தில் தாளம் தப்பியது உண்மை. ஆனால், மின் உத்தரவு தாமதமாவதால் வரும் பிரச்னையைத்தான் மின் கருவி சரிசெய்யும். தசை நலிந்ததாலோ தழும்பாலோ ஒரு சுவர் மெதுவாக அசைந்தால் அதைச் சரிசெய்யாது. இரண்டும் எக்கோ திரையில் ஒரே மாதிரித் தெரியலாம். "எக்கோவுல டைமிங் மிஸ் ஆகுது, அதனால சி.ஆர்.டி. வெச்சிடலாம்" என்று மட்டும் யாராவது சொன்னால், நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டியது இதனால்தான்.

கோப்பையைத் தட்டிப் பார்ப்பது போல

அப்போ ஸ்கேன் எதற்கும் உதவாதா? உதவும். கேள்வியை மாற்றிக் கேட்டால் உதவும்.

பீங்கான் கோப்பை வாங்குபவர் விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார். 'ணங்' என்றால் நல்லது. சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே விரிசல். வெளிப்பூச்சு பளபளவென்று இருந்தாலும் விரிசல் விரிசல்தான். இதயத்திலும் "எந்தச் சுவர் எத்தனை மில்லி விநாடி தாமதம்" என்பதைவிட, "எந்த இடத்தில் தசை உயிரோடு இருக்கிறது, எந்த இடம் தழும்பு" என்ற கேள்விக்குத்தான் ஸ்கேன் நம்பகமான பதில் தருகிறது.

இதில் சிறந்தது இதய எம்.ஆர்.ஐ. கடோலினியம் என்ற மருந்தை ஊசியில் செலுத்தி, சில நிமிடங்கள் கழித்துப் படம் எடுப்பார்கள். உயிருள்ள தசையிலிருந்து மருந்து வெளியேறிவிடும். தழும்பில் தங்கி நிற்கும். படத்தில் நல்ல தசை கறுப்பாகவும் தழும்பு வெள்ளையாகவும் தெரியும். தழும்பு எங்கே, எவ்வளவு ஆழம், மொத்தத் தசையில் எத்தனை சதவீதம் என்று அளக்கலாம். தழும்பு அதிகமாக அதிகமாக, சி.ஆர்.டி.யால் கிடைக்கும் பலன் குறைகிறது என்பதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

ஒயரை எங்கே வைப்பது என்பதற்கும் படம் உதவும். பிரிட்டனில் நடந்து 2012-ல் வெளியான 'டார்கெட்' ஆய்வில் 220 நோயாளிகள். ஒரு குழுவுக்கு வழக்கமான முறையில் ஒயர் வைத்தார்கள். இன்னொரு குழுவுக்கு, தசை உயிரோடு இருந்து, கடைசியாகச் சுருங்கும் இடம் எது என்று எக்கோவில் முன்பே கண்டுபிடித்து, அந்த இடத்தைக் குறிவைத்தார்கள். வழக்கமான முறையில் 55 சதவீதம் பேருக்கு இதயம் எதிர்பார்த்த அளவு சுருங்கியது. குறிவைத்தவர்களில் 70 சதவீதம்.

அதே எக்கோதான். "கருவி வைக்கலாமா" என்ற கேள்வியில் தோற்றது, "எங்கே வைக்கலாம்" என்ற கேள்வியில் ஜெயித்தது.

மதுரையில் என்ன செய்தார்கள்?

விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் ஏறி, அதே தண்டவாளத்தில் திருச்சியைத் தாண்டித் தெற்கே போனால் மதுரை. அங்கே வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதய மருத்துவர் சண்முக சுந்தரம் பொன்னுசாமியும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு 2023-ல் 'ஹார்ட் ரிதம்' என்ற சர்வதேச மருத்துவ இதழில் வெளியானது. ஆய்வின் நீளமான ஆங்கிலப் பெயரிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி அவர்கள் வைத்த சுருக்கப் பெயர்: 'மதுரை'.

இதில் இரண்டு புது விஷயங்கள்.

முதலாவது, ஒயர் வைக்கும் முறை. சிரை வழியாகச் சுற்றிப் போகாமல், வலது கீழறையிலிருந்து நடுச்சுவருக்குள் ஒயரைத் திருகி, அடைப்பைத் தாண்டி இடது மின்கிளையையே தொடுவது. வடக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லாமல், மேளக்காரரையே மறுபடி அடிக்க வைப்பது மாதிரி. சீனாவின் வென்ஜோ நகர மருத்துவர் ஹுவாங் வெய்ஜியன் குழுவினர் 2017-ல் இந்த முறையை வெளியிட்டார்கள். இதற்கு மேலறைக்கு ஒன்று, இடது மின்கிளைக்கு ஒன்று என இரண்டு ஒயர் உள்ள பேஸ்மேக்கரே போதும். மூன்று ஒயர் கருவியைவிட விலை குறைவு. கைக்காசு போட்டுச் சிகிச்சை எடுக்கும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது, எம்.ஆர்.ஐ.யை வைத்துப் பிரித்தது. மாரடைப்பு அல்லாத காரணங்களால் இதயம் பலவீனமாகி, இடது கிளை அடைப்பும் உள்ளவர்களுக்கு முதலில் இதய எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். தழும்பு 10 சதவீதத்துக்குக் கீழ் இருந்தவர்களுக்கு பேஸ்மேக்கர் மட்டும். அதற்கு மேல் இருந்தவர்களுக்கு, ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுத்துக் காப்பாற்றும் டிஃபிப்ரிலேட்டரோடு சேர்ந்த கருவி. ஏனென்றால், உயிரைப் பறிக்கும் துடிப்புக் கோளாறுகள் பெரும்பாலும் தழும்பைச் சுற்றித்தான் கிளம்புகின்றன.

தழும்பு குறைவாக இருந்தவர்களின் இதயம் மிக நன்றாகத் தேறியது. தழும்பு அதிகம் இருந்தவர்களில் தேறியவர்கள் குறைவு; ஆபத்தான நிகழ்வுகளும் அவர்களுக்கே அதிகம். ஒரே ஸ்கேன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னது: இதயம் தேறுமா? விலை அதிகமான ஷாக் கருவி தேவையா?

இது சிறிய ஆய்வு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் நோயாளிகளைப் பிரித்து இரண்டு சிகிச்சைகளை ஒப்பிட்ட ஆய்வும் அல்ல. 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், மூன்று ஒயர் முறை சரிவராதபோது இந்தப் புது முறையைப் பரிசீலிக்கலாம் என்ற அளவில்தான் நிற்கிறது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்க்கும் இலக்கோடு 'லெஃப்ட் வெர்சஸ் லெஃப்ட்' என்ற பெரிய ஆய்வு தொடங்கப்பட்டிருக்கிறது.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

அப்பாவின் ரிப்போர்ட்டோடு போகும் மகனோ மகளோ இந்தக் கேள்விகளை போனில் குறித்துக்கொள்ளலாம்:

1. இ.சி.ஜி.யில் க்யூ.ஆர்.எஸ். அகலம் எவ்வளவு? அடைப்பு இடது கிளையிலா, வேறு வகையா?

2. இ.எஃப். இப்போது எவ்வளவு? மருந்துகளை முழு அளவில் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தாயிற்றா?

3. தழும்பு இருக்கிறதா, எங்கே, எவ்வளவு? இதய எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? எடுப்பதென்றால் கருவி வைப்பதற்கு முன்பே எடுப்பது நல்லது. உள்ளே கருவி வந்துவிட்டால், எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற வகையாக இருந்தாலும் படம் கெட வாய்ப்புண்டு. சிறுநீரகப் பிரச்னை இருந்தால் கடோலினியம் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

4. ஒயரை எங்கே வைக்கப் போகிறீர்கள்? அந்த இடம் கிடைக்காவிட்டால் அடுத்த திட்டம் என்ன?

5. ஷாக் கருவி தேவையா, பேஸ்மேக்கர் மட்டும் போதுமா? ஏன்?

6. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையிலோ, கம்பெனி இன்ஷூரன்ஸிலோ இதில் எது கவர் ஆகும்? இதை அட்மிஷனுக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுவது நல்லது.

எம்.ஆர்.ஐ. மெஷின் இருக்கும் எல்லா ஸ்கேன் சென்டரிலும் இதய எம்.ஆர்.ஐ. எடுப்பதில்லை. துடிக்கும் இதயத்தைப் படம் பிடிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். நோயாளியும் சொல்லும்போதெல்லாம் மூச்சை அடக்கிப் படுத்திருக்க வேண்டும். விருத்தாசலத்திலிருந்து இதற்காகப் புதுச்சேரி, திருச்சி, சென்னை என்று போக வேண்டியிருக்கலாம். ஒரு நாள் அலைச்சல்தான். ஆனால், வாழ்நாள் முழுக்க உடம்புக்குள் இருக்கப்போகும் கருவியைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு நாள் உதவும்.

சரி, "இத வெச்சா சரியாயிடுமா?" என்று கேட்ட அப்பாவுக்கு மகன் என்ன சொல்வது? இடது கிளை அடைப்பு, 150-க்கு மேல் அகன்ற அலை, தழும்பு குறைவு: மூன்றும் பொருந்தினால், "நல்ல வாய்ப்பு இருக்குப்பா" என்று தைரியமாகச் சொல்லலாம். தழும்பு அதிகம் என்றால், "பலன் கம்மியா இருக்கலாம்பா, ஆனா எந்தக் கருவி வேணும்னு டாக்டர் அதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவார்" என்று சொல்லலாம். எந்த ஸ்கேனும் இதற்கு மேல் உறுதி தருவதில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பவருக்கு, "தெரியல" என்பதைவிட இது எவ்வளவோ மேல்.